ஆடியில் பற்றாத அடுப்பு

வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டு நிறுவனக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பதுதான் அப்போது எனக்கு வேலை. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஊரில் வீட்டுக்கு ஒன்றாகப் புகையில்லா விறகடுப்பு கொடுத்திருந்தார்கள். அது எரிகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த ஊருக்கும் அடுப்பு வரும். மகளிர் குழுத் தலைவியின் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது அந்த அடுத்த ஊரில்தான். விறகுப் புகையில் இருமிக்கொண்டே அவர் தன் அடுப்புக்காகக் காத்திருந்தார்.

போய்ப் பார்த்தால், எல்லா வீட்டிலும் புது அடுப்பு மஞ்சள் குங்குமத்தோடு சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. சமையல் பழைய அடுப்பில் புகைந்துகொண்டிருக்கிறது.

“புதுமையை ஏற்க இவர்களுக்கு மனத்தடை இருக்கிறது” என்றார் அவர் ஆங்கிலத்தில். நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டரின் முகம்.

“தடையெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, ஆடி பொறந்துருச்சுல்ல? ஆடியில யாராச்சும் புது அடுப்பு பத்த வைப்பாகளா? ஆவணியில வரச் சொல்லுங்க” என்றார் தலைவி.

சொன்னேன். மனிதர் பதறிப்போனார். அந்த மாதக் கடைசிக்குள் அறிக்கை போயாக வேண்டுமாம், தள்ளிப்போட்டால் ஏதோ சாமி குத்தம் மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மேடை கிடைத்தால் பகுத்தறிவு பேசுகிற நானே, திருநகரில் வாடகை வீடு மாற ஆவணி வரை காத்திருந்தவன்தான்.

தங்கையின் அடுப்பு கைநழுவுவது தலைவிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தார்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமதான? மொத கூழு ஆத்தாளுக்குக் காய்ச்சிட்டா குத்தமில்ல.”

சற்று நேரத்தில் எல்லா அடுப்பும் அம்மன் கோயில் வாசலுக்கு வந்துவிட்டன. பெண்கள் வரிசையாகப் பற்றவைத்தார்கள். குலவைச் சத்தத்தில் வெள்ளைக்காரர் மிரண்டு, பிறகு தெளிந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு கூழ் குடித்தார். போட்டோவாக எடுத்துத் தள்ளினார். ஆடி, அம்மன், கூழ் எல்லாவற்றையும் நான் விளக்கமாக மொழிபெயர்த்தேன். அவரும் தலையாட்டிக் கேட்டார்.

தை மாதம் அடுத்த ஊருக்கு லாரி வந்தது. அதிலிருந்து இறங்கியது ஒரே ஓர் அடுப்பு. கல்யாணப் பந்திக்கே சமைக்கலாம், அம்புட்டுப் பெரியது. இந்த மக்கள் கூடிச் சமைப்பதையே விரும்புகிறார்கள், தனித்தனி அடுப்பு இவர்கள் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று வெள்ளைக்காரர் அறிக்கையில் எழுதியிருந்தாராம். கிராமம் என்றால் எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வார்கள் என்பது அவர் ஊரிலிருந்து கிளம்பும்போதே கொண்டுவந்த நம்பிக்கை. என் மொழிபெயர்ப்பு அதன்முன் எம்மாத்திரம்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

தங்கை அந்த அடுப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். இருமல் அடங்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றார்.

“அவரு மறுபடி வந்தா நேரா எங்க வீட்டுக்குக் கூட்டியாங்கண்ணே. அடுப்படியில உக்கார வச்சு, கதவச் சாத்திட்டு, ஒரு காப்பி போட்டுத் தாரேன்.”