தாத்தாவுக்குக் காற்று வந்த வீடு

நித்திரை வராமல் படிப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. புத்தகத்தை விரித்து மேசையில் உட்கார்ந்தால், ஒரு பக்கம் முடிவதற்குள் என் நெற்றி அதன்மேல் கிடக்கும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தியடைந்தால் எங்கள் ஊரான எத்தாளையை விட்டுப் புத்தளத்தில் பெரிய பள்ளிக்கூடம். வாப்பா கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பற்றித்தான் பேசுவார்.

அதே ஆகஸ்டில் தாத்தாவுக்கும் உயர்தரப் பரீட்சை. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அவள் படிக்கும்போது முகத்தில் இலையான் மொய்த்தாலும் கலைக்க மாட்டாள். உதடு அசையாது. பேனை மட்டும் ஓடும். வீட்டில் இருந்ததோ ஒரு கூடம், ஒரு மேசை. அவளுக்கு எதிரே என்னை ஒரு கதிரையில் இருத்தி, "தாத்தாவப் பாத்துப் படி" என்றார்கள். நானும் தாத்தாவைத்தான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தூங்கிப் போனேன்.

இரண்டு காலையும் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு படித்தால் நித்திரை வராது என்று மாமா ஒரு பேசினைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்தார். நித்திரையும் வந்தது, மூக்கடைத்துத் தடிமனும் வந்தது. ஞாபகசக்திக்கு என்று உம்மா நாள் தவறாமல் வல்லாரைச் சம்பல் அரைத்தார். யாரும் பார்க்காத நேரத்தில் நான் அதைக் கோழிகளுக்குப் போட்டேன். அந்த வருடம் எங்கள் கோழிகள் எதையும் மறந்திருக்காது.

வழியைக் கண்டுபிடித்தது உம்மாதான். ஒரு நாள் முற்றத்தில் வெங்காயத்தின் தாளை நறுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குர்ஆன் மத்ரஸாவில் அன்று கொடுத்த சூறாவை ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சத்தமாக ஓதிக்கொண்டிருந்தேன். மத்ரஸாவில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரே குரலில் ஓதுவோம்.

"ஓதுறது மட்டும் பிழையில்லாம வாயில நிக்குதே புள்ள. பாடத்தையும் அப்பிடியே சத்தமாப் படிச்சுப் பாரேன்."

படித்துப் பார்த்தேன். சப்பாணி கட்டிப் பாயில் இருந்து, ஆடி ஆடி, ஓதுகிற அதே ராகத்தில் சுற்றாடல் பாடத்தை எடுத்துவிட்டேன். நித்திரை எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு பாடத்தை இரண்டு தரம் சொன்னால் மூன்றாம் தரத்துக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

மறுநாள் முன்வீட்டு மாமி எங்கள் படலையடியில் வந்து நின்றார். தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தார். "நீராவி மேலே சென்று முகிலாகிறது, முகில் குளிர்ந்து மழையாகப் பொழிகிறது" என்று நான் இழுத்து நிறுத்தியதும், "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகுதான், சாவு வீட்டில் விசாரிப்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"யாரு மௌத்து?"

"மௌத்து ஒண்டும் இல்ல மாமி. மழை எப்பிடி வாறதெண்டு படிக்கிறா" என்றார் உம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"மழைதானே? அதுவும் நல்லதுதான்" என்று மாமி போய்விட்டார்.

எல்லோரும் சிரித்தோம். தாத்தா மட்டும் காதுக்குள் இரண்டு விரலையும் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள் போல. பேனை ஓடவில்லை. உம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். யாரை விட்டுக்கொடுக்கச் சொல்வது என்று அவருக்கும் விளங்கவில்லை. நான் வாயை மூடினால் தூங்குவேன். வாயைத் திறந்தால் அவள் படிப்பு கெடும்.

தாத்தாவே எழும்பினாள்.

"பக்கத்து வீட்டுத் திறப்பத் தாங்க உம்மா. நான் அங்க இருந்து படிக்கிறன். அங்க நல்லாக் காத்து வரும்."

பக்கத்து வீடு, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு வருடக்கணக்கில் இருந்தவர்களுடையது. யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பிய அவர்கள், வீட்டைப் பூட்டித் திறப்பை உம்மாவிடம் தந்திருந்தார்கள். அன்றிலிருந்து தாத்தா விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு அங்கே போவாள், பகல் சோற்றுக்கு வருவாள், திரும்பவும் போவாள். அது கச்சான் காற்று வீசும் காலம். எங்கள் வீட்டுக்குள்ளேயே புத்தகத்தின் தாள்கள் படபடத்தன. அங்கே இன்னும் நல்ல காற்று என்றால் எப்படி இருக்கும்! ஒரு முழு வீட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாளே என்று எனக்குப் பொறாமை. அந்தப் பொறாமையையும் சேர்த்து இன்னும் சத்தமாகப் படித்தேன்.

தலவில மாதா கோயில் பெருநாளுக்குச் சனத்தை ஏற்றிய பஸ்கள் வீதியில் போய்க்கொண்டிருந்த அந்த மாதத்தில் நாங்கள் இருவரும் பரீட்சை எழுதினோம். நான் சித்தியடைந்தேன். தாத்தா பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள். வாப்பா பள்ளிவாசலில் இருந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். மாமா, தன் பேசின்தான் வேலை செய்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இன்றும் எனக்கு எதுவும் வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுப்பேன். அந்த ராகம் இல்லாவிட்டால் நான் இந்தக் கதிரைக்கு வந்திருக்க மாட்டேன். உம்மாவை நினைக்காத நாளில்லை. தாத்தாவை நினைத்தால் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

பரீட்சை எழுதியதற்கு அடுத்த வருடம் மன்னார்க்காரர்கள் வீடு வளவை விற்க வந்தார்கள். அன்றுதான் நான் தாத்தாவோடு முதன்முதலாக அந்த வீட்டுக்குள் போனேன். தகரக் கூரை. உள்ளே கால் வைத்ததும் அடுப்படிச் சூடு. ஒரு தகரம் விலகிய இடத்தால் மட்டும் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சம் பட்ட சுவரெல்லாம் தாத்தாவின் வெண்கட்டி எழுத்து. இரண்டு ஜன்னல்களுக்கும் வெளியிலிருந்து பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள், ஊருக்குப் போன அன்றைக்கே.

எனக்குக் குழப்பமாக இருந்தது.

"தாத்தா, அப்ப காத்து எந்த வழியால வந்துச்சு?"

அவள் என் தலையில் கையை வைத்துச் சிரித்தாள்.

"உன்ட சத்தம் வந்த வழியாலதான்."

என் சத்தம் அந்தச் சுவரையும் தாண்டி அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. ஓடிப்போய் உம்மாவிடம் சொன்னேன்.