மவுசின் வடக்குப் பட்டன்

கம்ப்யூட்டரைப் போட்டதும் அதன் பெட்டி மானிட்டரின் கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் சிலிர்த்து எழுந்து நிற்கும், உள்ளங்கையை ஒட்டவைத்தால் சடசடவென்று பொரியும், சூடேறிய தூசியின் வாசனை மெல்லக் கிளம்பி அறை முழுக்கப் பரவும். வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு இன்றும் அந்த வாசனைதான்.

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகள் பெரும்பாலும் யாராவது ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருந்த வீடுகள். எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி அத்தா, துபாயில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தார். அவருக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. ஜும்மா முடித்து, சாப்பிட்டு, கேமரா முன்னால் அவர் வந்து உட்காரும்போது இங்கே நாலு மணி வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அம்மா அதற்குள் தலைவாரி, நல்ல சேலை கட்டி, "என்னமோ பொண்ணு பாக்க வர்றாகன்னு நெனப்பு ஒங்கம்மாவுக்கு" என்று பக்கத்து வீட்டு மாமி கிண்டலடிப்பதையும் வாங்கிக்கொண்டு, நாற்காலியில் தயாராக இருப்பாள்.

தம்பி அஸ்லம், அத்தா லீவு முடிந்து கிளம்பிப் போன பிறகு பிறந்தவன். அத்தா அவனைத் தூக்கியதே இல்லை. அவர் பார்த்த அஸ்லம் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்த அஸ்லம்தான். நான் சொல்லப்போகிற அந்த வாரத்தில் அவன் நடக்க ஆரம்பித்திருந்தான். அம்மா உடனே வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டாள்: "ஒருத்தரும் போன்ல மூச்சு விடப்பிடாது. வெள்ளிக்கிழம கேமராவுல அவுக கண்ணால பாக்கணும்." தினமும் அத்தா போனில் "தம்பி என்ன செய்றான்?" என்று கேட்கும்போதெல்லாம் "சும்மாதான் உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன். நடக்கத் தொடங்கியவன் முதலில் போய் நின்றது கம்ப்யூட்டர் மேசை முன்னால். மேற்குச் சுவரின் அடியில் இருந்த பிளக்கையும் வயரையும் அவன் இழுக்கிற இழுப்பைப் பார்த்து, மறுநாளே மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டோம்.

அம்மாவுக்கு அதோடு திருப்தி இல்லை. பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி கம்ப்யூட்டரையும் சோடிக்க வேண்டும் என்றாள். நான் லீவில் போன கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்த ஒரு சிடியில், திரையை அலங்கரிக்கிற 'தீம்' சாஃப்ட்வேர் இருந்தது. அதை ஏற்றிவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, துணிக்கடையில் புடவை பிரித்துப் போடுகிறவளைப் போல நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அம்புக்குறி தங்கமீன் ஆனது. ஐகான்கள் எல்லாம் ரோஜாப்பூ ஆயின. கடைசியில் எழுத்து வடிவங்களின் பட்டியல் வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, அதனால் எல்லாம் அவளுக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் மணியும் பூவும் கொடியுமாக இருந்ததைப் பார்த்து, "இந்தா, இதப் போடு, எம்புட்டு அழகா இருக்கு" என்றாள். போட்டேன்.

திரையில் இருந்த அத்தனை எழுத்தும் மணியாகவும் கத்தரிக்கோலாகவும் விரல் நீட்டுகிற கையாகவும் மாறிவிட்டன. எதைத் திறந்தாலும் கத்தரிக்கோல், எதை மூடினாலும் மணி. அத்தாவோடு பேசுகிற ரோஜா எது, விளையாட்டு ரோஜா எது என்று பிரிக்க முடியவில்லை. பழையபடி மாற்றுவதற்கு எந்த இடத்தில் அமுக்குவது என்பதும் கத்தரிக்கோல் பாஷையில்தான் எழுதியிருந்தது. அம்மா கொஞ்சமும் கலங்காமல், "இப்பத்தான்டி நீயும் நானும் ஒரே வகுப்பு" என்றாள். கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டதும் கடைக்காரர், "பார்மட் அடிச்சிரலாம்மா, திங்கக்கெழம கொண்டாங்க" என்றார். அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது. நாளை வெள்ளிக்கிழமை. நடந்து பழகிய பிள்ளை இன்னும் ஒரு வாரம் கழித்து நடந்தால் அது என்ன புதினம்? அதற்குள் யாராவது வாய் தவறிச் சொல்லியும்விடுவார்கள்.

அன்று சாயந்திரம் அத்தா ஆபீசிலிருந்து கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நான் இங்கன எங்கம்ப்யூட்டரப் பாத்துச் சொல்றேன், நீக எடத்தப் பாத்து அமுக்குங்க" என்றார். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டாள், நான் மவுசைப் பிடித்தேன்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் மலை நிற்கிறது. வடக்கே சின்னமனூர், தெற்கே கம்பம், கூடலூர். திசை தவறிப்போக வழியே இல்லாததால், எங்கள் வீட்டில் இடது வலது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. சாப்பிடும்போது கூட "கொஞ்சம் வடக்க தள்ளி ஒக்காரு" என்றுதான் சொல்வார்கள்.

"மவுசுல வடக்குப் பட்டன அமுக்கச் சொல்லு" என்றார் அத்தா. அம்மா சொன்னாள், அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. "சரி, கீழ தெக்கு மூலைக்குப் போகச் சொல்லு, அங்கன ஒரு பட்டன் இருக்கும், நல்லா ரெண்டு தட்டு தட்டட்டும்." தட்டினேன்.

"வட்டமா ஒரு கடியாரம் வந்திருக்குங்க" என்றாள் அம்மா.

"கடியாரமா? கடியாரம் வடக்கயில்ல இருக்கும்!" அத்தா அடுத்துக் கேட்ட கேள்வி போனுக்கு வெளியே இருந்த என் காதிலும் விழுந்தது. "மேசைய கெழக்குச் செவுத்துக்கு மாத்திட்டீகளா?"

மேற்கே பார்த்து உட்கார்ந்தால் வடக்கில் இருக்கிற வலதுகை, கிழக்கே பார்த்தால் தெற்குக்குப் போய்விடும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அஸ்லமைப் பார்த்தேன். அவன் ஒரு கரண்டியோடு அறையைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"ஒட்டட அடிக்கையில நகட்டுனோம்" என்றாள் அம்மா.

"அடிச்சிட்டுத் திருப்பி அங்கனயே போடலியா?"

"வெயிலடிச்சுச்சுங்க."

"மேக்குச் செவுத்துல ஏது சன்னலு? நாந்தான வீட்டக் கட்டுனேன்."

அம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். அத்தா, "சரி விடு. இனிமே நான் வடக்குன்னா அவள தெக்குன்னு எடுத்துக்கிறச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. மணிகளும் கத்தரிக்கோல்களும் போய் இங்கிலீஷ் திரும்பியபோது, அந்த எழுத்துகளை அவ்வளவு ஆசையாக நான் எந்தப் பரீட்சைக்கும் பார்த்ததில்லை.

மறுநாள் திரை திறந்ததும் நாங்கள் திகைத்துப்போனோம். எப்போதும் அத்தா மட்டும் தெரிகிற இடத்தில், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த அத்தனை பேரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பது மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். அம்மா அஸ்லமை எதிரே நிறுத்திக் கையை விட்டாள். அவன் பொத்தென்று உட்கார்ந்துகொண்டான். பிஸ்கட் காட்டினாள், கரண்டி காட்டினாள், கெஞ்சினாள், அவன் அசையவில்லை. பிறகு அவன் கண்ணில் கேமராவின் வயர் பட்டது. எழுந்தான், கைகளை விரித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வந்தான், வந்து வயரைப் பிடித்து இழுத்தான். படம் போய்விட்டது. அதற்குச் சற்று முன்னால் அந்த அறையிலிருந்து எழுந்த கூச்சல் மட்டும் எங்கள் ஸ்பீக்கரில் கரகரத்து நின்றது.

உடனே போன் அடித்தது. "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றார் அத்தா. "ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். "நல்லா இருந்த மேசைய வயரோட தூக்கி மறுபக்கம் போட்டா, வீட்டுக்குள்ள ஒருத்தன் கெளம்பிட்டான்னுதான அர்த்தம்?" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தப் பெட்டி மானிட்டரை எப்போதோ பழைய சாமான்காரர் எடுத்துக்கொண்டு போனார். அத்தா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். அஸ்லம் காலேஜில் படிக்கிறான். வீடியோவில் பேசும்போதும் ஓர் இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டேதான் பேசுகிறான். யார் முகத்தையும் எந்த நிமிடமும் பார்க்கலாம் என்று ஆனபிறகு வெள்ளிக்கிழமைக்காக யாரும் தலைவாரி உட்காருவதில்லை. கடல் தாண்டி இருந்துகொண்டு வீட்டின் ஒவ்வொரு சுவரையும் நெஞ்சுக்குள் வைத்திருக்கிற அவசியமும் யாருக்கும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

போன மாதம், நான் இப்போது இருக்கிற பெங்களூரில், என் லேப்டாப்பில் எழுத்தெல்லாம் திடீரென்று பூதாகரமாகப் பெருத்துவிட்டது. வீடியோவில் பேச்சுவாக்கில் அத்தாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீ எந்தத் தெசயப் பாத்து ஒக்காந்திருக்க?" என்றார். நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். எதிரே இன்னொரு கட்டடம், மேலே துண்டு வானம்.

"தெரியலத்தா."

"அட போம்மா," என்று சிரித்தார், "நீ எங்கன இருக்கன்னே தெரியாம நான் எப்பிடி ரிப்பேர் பாக்க?"