எதிரெதிரே நட்ட நாற்று

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். காரைக்குடியில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு, கட்டுக் காகிதத்தோடு ஒரு சினிமாக்காரர் வந்து ஆறு பிரதி கேட்டார். அந்தக் காலத்துப் பண்ணை, அதில் கூலி வேலை பார்க்கும் ஒருவனுக்கும் ஒருத்திக்கும் காதல் என்று கதை. பிரதி எடுக்கக் கொடுத்ததை வாசிக்கக் கூடாதுதான். ஆனால் வாசிக்காமல் இருக்கும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

“நடவு சீன் அருமை சார். நானும் விவசாயிதான்” என்றேன்.

முழுப் பொய் அல்ல. நாச்சியாபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு வயல் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. எனக்கும் வயலுக்கும் உள்ள உறவு, தட்டில் சோறு விழும்போது ஆரம்பிக்கும். அவர் அதை நம்பி என்னை டைரக்டரிடம் கூட்டிப்போனார். அரை மணி நேரத்தில் நான் அந்தப் படத்தின் விவசாய ஆலோசகர். எங்கள் வயல்தான் படப்பிடிப்புக்கு.

முக்கியமான காட்சி இதுதான். காதலனும் காதலியும் வயலின் இரண்டு ஓரத்திலிருந்து எதிரெதிரே நட்டுக்கொண்டே நெருங்கி வருவார்கள். கடைசி நாற்றை ஊன்றும்போது விரல்கள் தொட்டுக்கொள்ளும். “இப்படி நடுவாங்களா?” என்று டைரக்டர் கேட்டார்.

“எங்க ஊர்ல அப்படித்தான் சார்” என்றேன். யோசிக்கவே இல்லை.

வீட்டில் மனைவி ஒரே நிபந்தனைதான் போட்டாள். “நாத்து அந்த வயலுக்குச் சரியாத்தான் காணும். ஒரு முடி நாத்துக் கட்டு வீணாப் போச்சுன்னாலும் அம்புட்டு இடம் தரிசாக் கெடக்கும். பாத்துக்குங்க.” சத்தியம் செய்தேன். அதுவும் எனக்கு எளிதாக வரும்.

படப்பிடிப்பு அன்று காலையில் வயலைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. மோட்டார் கொட்டகையைப் பனை ஓலையால் மறைத்திருந்தார்கள். தேங்கிய தண்ணீரில் வானம் அப்படியே கிடந்தது. சேற்றில் நிற்கப் போகிற கதாநாயகனுக்கு மேக்கப்காரர் தனியாகச் சேறு பூசிக்கொண்டிருந்தார். பின்னணியில் நடுவதற்கு என் மனைவியும் நடவுப் பெண்கள் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எனக்கு மதினி முறை. குடை பிடித்து நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்து, “கொழுந்தனாரே, வயலுக்கு வழி கேட்டு வந்தீகளா?” என்றாள்.

கேமரா ஓடியது. கதாநாயகன் குனிந்து நட்டான், ஒரு எட்டு முன்னால் வைத்தான். நட்டது காலடியில் போனது. அடுத்ததை நட்டான், அதுவும் போனது. எதிரே கதாநாயகியும் அதையே செய்தாள். பத்து எட்டுக்குள் இரண்டு முடி நாற்று சேற்றில் புதைந்துவிட்டது. “ஒன் மோர்” என்றார் டைரக்டர்.

“நிறுத்துங்க சார்” என்று வரப்பிலிருந்து குரல் வந்தது. என் மனைவி. “பின்னால போயித்தான் நடணும். முன்னால வந்தா நட்டத மிதிக்கத்தான் செய்வீக. உங்களுக்கு யாரு இப்படிச் சொன்னது?”

டைரக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். “நீங்களா சொன்னீக?”

அது பழைய காலத்து முறை என்று இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த நாற்று முடியைப் பார்த்தேன். இன்னும் நாலு தடவை எடுத்தால் பாதி வயல் தரிசு. எழுந்து நின்றேன்.

“சார், நான் இதுவரைக்கும் வயல்ல எறங்கினதே இல்ல. ஜெராக்ஸ் போடத்தான் தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பிறகு, “சரிம்மா, ரெண்டு பேரு எதிரெதிரே நின்னு எப்படித்தான் நடுவாங்க? நீங்களும் இவரும் நட்டுக் காட்டுங்க” என்றார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்து, முதல்முறையாக என் வயலில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. வயலின் நடுவில் இருவரும் முகம் பார்த்து நின்றோம். “குனிங்க. ரெண்டு விரலால ஊனுங்க. ஒரு எட்டு பின்னால போங்க. விழுந்துறாதீக” என்றாள். மூன்றாவது எட்டில் விழுந்தேன். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

நட்டுக்கொண்டே போனேன். இடுப்பு ஒடிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, மூச்சுக் கேட்கும் தூரத்தில் இருந்தவள் எங்கேயோ இருந்தாள். அவளும் அதே நேரம் நிமிர்ந்து பார்த்தாள். இடையில் தண்ணீருக்கு மேல் பச்சை நின்றது. அவளுக்கு என்ன தோன்றியதோ, சிரிக்காமல் சும்மா பார்த்தாள்.

டைரக்டர் மெதுவாக, “இவங்க சேர்ற சீன் இல்ல இது, பிரியற சீன்” என்றார். கதையை அங்கேயே மாற்றினார். மிதிபட்டதில் பிழைத்ததை மனைவி கழுவி எடுத்தாள். இருந்த நாற்றைக் கொஞ்சம் இடைவெளி கூட்டிக் கலக்க நட்டு வயலை நிறைத்துவிட்டார்கள்.

படம் காரைக்குடிக்கு வந்தபோது இருவரும் போனோம். அந்தக் காட்சியில், முகம் பார்த்து நின்ற இருவர் நட்டுக்கொண்டே விலகிப் போக, நடுவில் பச்சை விரிந்தது. பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும் கண்ணைத் துடைத்தேன். அவள் என் காதருகே, “அந்தாளு நட்ட வரிசை கோணலாப் போகுது, உங்கள மாதிரியே” என்றாள்.

அந்த வருடம் அறுவடை வரைக்கும் எங்கள் வயலின் நடுவில் நான் நட்ட வரிசை பாம்பு போல நெளிந்துதான் நின்றது. கோணல் நாற்று ஒன்றைக்கூடப் பிடுங்கி நேராக நடும் என் மனைவி, அந்த வரிசையில் மட்டும் கை வைக்கவில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்று நான் வாய் திறந்து சொன்ன ஒரே நாளுக்கு அவள் கொடுத்த மரியாதை அது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.