கெண்டைக்கால் வீக்கமும் என் சந்தேகமும்

கணுக்கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தபின், விறைத்துப்போன பாதத்தை மடக்கிப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் செல்வி வீட்டுக்கு வருவார். வலியில் எனக்கு உயிர் போகும். இந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியுமா என்றே சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் வாரம் கெண்டைக்கால் வீங்கி வலித்தது. போனில் வீக்கத்தைச் சொல்லி அவரைத் திட்டி, "இனி வராதே" என்று சொல்லிவிட்டுத் தைலத்தை எடுத்தேன். தேய்ப்பதற்குள் செல்வி விரைந்து வந்து நின்றார்.

"உன்ற வேலைதான் அம்மணி இது. எதுக்கு வந்தே?"

"அப்பறமா திட்டுங்கய்யா. கெண்டை வீங்குனா தேய்க்கவே கூடாதுங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அறுவை சிகிச்சைக்குப்பின் அதிகம் அசையாமல் கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்திருந்தது. தேய்த்திருந்தால் அந்த ரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது புதிதாக எங்கே வலித்தாலும், யார்மீது பழிபோடலாம் என்று யோசிக்காமல் உடனே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.