சூட்டியின் குட்டிகளுக்கு வீடு தேடினேன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்முனைக்குடியில் டீச்சரும் ஆனேன். முற்றத்தில் வளர்த்த சின்ன நாய் சூட்டி குட்டி போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“நம்மட முஸ்லிம் ஊருல நாய்க்குட்டிய ஆரு மகள் எடுப்பாங்க?” என்றார் வாப்பா.

“நான் கேட்டா எடுப்பாங்க.”

கேட்ட வீடுகளில் எல்லாம் சிரித்தார்கள். நெல்லுக் களஞ்சியத்தில் எலித் தொல்லைப்பட்ட முதலாளி மட்டும், “ஓம் டீச்சர், கடுவன் குட்டியெல்லாம் தாங்க. பொட்டைகளக் குளக்கட்டுல உட்டுடுங்க” என்றார்.

நான் படிக்கப் போனபோது வாப்பாவிடம் பலர் கேட்டது காதில் ஒலித்தது: “பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்குப் படிப்பு?” அன்று வாப்பா என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

சூட்டிக்குப் பருவம் வந்ததும் விறகுக் கொட்டிலில் அடைத்தேன். வெளியே கடுவன்கள் ஊளையிட்டன.

“குட்டி வேணாமா மகள்?”

“பொட்டைக்கும் ஒரு வீடு கிடைச்சா பாப்பம், வாப்பா.”

அப்படி ஒரு வீடு கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தோடுதான் சூட்டியை வளர்த்தேன்.