முகம் மட்டும் பாக்கியிருந்த படம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் வாழ்க்கையை ஒழுங்காக எழுதித் தரவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒழுங்காக வரவில்லை. நான் பள்ளிச் சீருடையும் ரவிக்கையும் தைத்துப் பிழைக்கிறவள். அளவு தெரியாமல் துணியில் கத்திரிக்கோல் வைக்கமாட்டேன். அண்ணன் எந்த அளவுக்கும் அடங்காத மனிதர். போகிற போக்கில் ஒரு குழப்பத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் காம்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அவருக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டே அம்மா காய்ச்சலில் படுத்து, ஒரு வாரத்தில் போய்விட்டார். அப்போது எனக்கு இரண்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. அம்மாவைப் புகைப்படம் எடுத்தவர் யாரும் இல்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் அந்தக் காலத்தில் யார் வந்து படம் பிடித்தார்கள்? அதனால் என்னைப் பெற்றவரின் முகம் எனக்குத் தெரியாது.

எங்களை வளர்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியாயி. சொந்தம் இல்லை, ஆனால் சொந்தத்தைவிட மேலாகப் பார்த்துக்கொண்டார். அம்மா எப்படி இருப்பார் என்று அவரிடம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனேன்.

"நல்லா இருப்பா. ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பா. ஜப்பான்காரன் பஞ்சத்துல அதையும் மரவள்ளிக்கெழங்குக்கு மாத்திட்டா பாவம்" என்பார்.

"என்னை மாதிரியா பெரியாயி?"

"நீ அப்படியே உங்கப்பன் சாடைடி. அவ வேற மாதிரி."

வேற மாதிரி என்றால் எந்த மாதிரி? நெற்றி அகலமா, கன்னம் ஒட்டியதா, மோவாய் கூரா? பெரியாயிக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. அண்ணனுக்குத்தான் தெரியும் என்று நான் நம்பினேன். என் வாழ்நாளில் பெரும்பாதி அந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

அண்ணன் பதினெட்டு வயதில் ஈப்போவுக்குப் போய், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதல் தீபாவளிக்கு வந்தபோது, ரப்பர் அடைத்து அனுப்பும் பெட்டியின் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அம்மாவை வரைந்திருந்தார். லயத்துப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் பால்வாளி. மடியில் இரண்டு கைகள், நகத்தில் ஒட்டிய ரப்பர் பால்கூட விடாமல் வரைந்திருந்தார். தலையில் துண்டு. முகம் மட்டும் வெறும் பலகை.

"மொகம் இன்னும் வரல தங்கச்சி. வந்ததும் போட்டுர்றேன்" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த தீபாவளிக்கு வந்துவிடும் என்று நினைத்தேன்.

அண்ணனின் உழைப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஈப்போ பழைய நகரத்தில் எத்தனையோ கடைகளின் பெயர் அவர் கையால் எழுதியது. லோரிக் கதவுகள், கோயில் சுவர்கள், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான விளம்பரத் துணிகள் எல்லாம் எழுதினார். எனக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். தான் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பார். எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பிறகு, அங்கிருந்தவர்கள் பாரிட் புந்தார், ஈப்போ என்று கிடைத்த இடத்துக்குச் சிதறினார்கள். பெரியாயி எங்களோடு ஈப்போவுக்கு வந்து, இங்கேயே கண்ணை மூடினார். அம்மாவின் பலகையும் எங்களோடு வந்தது.

அதைக் கூடத்தில் மாட்டலாம் என்று நான் சொன்னபோது, சிம்பாங் பூலாயில் கல் லோரி ஓட்டும் என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மச்சான், தப்பா நெனைக்காதீங்க. சாப்பிட உக்காந்தா மொகமில்லாத ஆளு என்னையே பாக்கற மாதிரி இருக்குலா" என்றார். முகமே இல்லாதது எப்படிப் பார்க்கும் என்று நான் சண்டை போட்டேன். அண்ணன் பலகையைச் சாக்கில் சுற்றித் தான் தங்கியிருந்த அறைக்கு எடுத்துப்போனார்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனுக்கு இருமல் வந்தது. இருபத்தைந்து வருஷம் சாயத்தையும் தின்னரையும் மூச்சோடு இழுத்தவர். இனி அந்த வாசனையே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் துணி வைத்துத் தைக்கும் பின்னறையில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். அவர் கொண்டுவந்த சாமானில் முக்கால்வாசி சாக்கு மூட்டைகள். அவிழ்த்துப் பார்த்தால், இத்தனை வருஷமாகத் தொடங்கிப் பாதியில் விட்ட படங்கள்.

"எல்லாத்தையும் முடிக்கப் போறேன்" என்றார்.

"எதைவெச்சுண்ணே முடிப்பீங்க? பெயிண்ட தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"பெயிண்ட் இல்லாமதான்."

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் எங்கள் வீட்டில் எந்தப் பொருள் எதற்கு என்பதே தெரியாமல் போனது. கோப்பித் தூளைக் காய்ச்சி வடிகட்டிப் பழுப்பு செய்தார். துணிக்குப் போடும் நீலம் காணாமல் போனது. என் கணவர் லோரியில் வரும்போது கல்லுமலைச் சுண்ணாம்புத் தூளை ஒரு டப்பாவில் கொண்டுவந்து ரகசியமாகக் கொடுத்தார். நான் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டிகளை அம்மியில் அரைத்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் ஒரு மைக்கட்டியைக் கொடுத்துவிட்டுத் தினம் காலையில் வேலி ஓரம் நின்று, "சுடா சியாப்?" என்று மலாயில் கேட்பார். முடிந்துவிட்டதா என்று அர்த்தம். அண்ணன் "பெலும்" என்பார். இன்னும் இல்லை.

ஒரு கோப்பிக் கடைக்காகத் தொடங்கிய புலி, கடை கைமாறியதால் கோடு போடாமல் நின்றிருந்தது. அதற்கு நீலக்கோடு போட்டார். புலிக்கு ஏன் நீலம் என்று கேட்டேன். "எனக்கும் தெரியல, போட்டுப் பாப்போமே" என்றார். அந்தச் சீனப் பெரியவர் அதைக் கேட்டு வாங்கிப் போய் வாசலில் மாட்டிக்கொண்டார். ஒரு முருகன் படத்தில் மயிலுக்குத் தோகை பாக்கி. அதற்கு அண்ணன் பச்சைப் பட்டுத் துணியை வெட்டி ஒட்டினார். அந்தப் பட்டு ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்காக என்னிடம் வந்தது. வாயில் வந்தபடி திட்டினேன். பெண்ணின் அம்மாவிடம், கை குட்டையாக வைப்பதுதான் இப்போது மோஸ்தர் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பெண்ணும் இதைப் படிப்பாள். மன்னித்துவிடு அம்மா.

பட்டுத் துணியை எதைவைத்து ஒட்டினார் என்றால், ரப்பர் பால். என் கணவருக்குத் தெரிந்த சிறு தோட்டக்காரரிடமிருந்து வாங்கி வரச்சொல்லியிருக்கிறார். வீடே தோட்டத்துப் பால் கொட்டகை மாதிரி நாறியது. அந்த வாசனையை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். ஆனால் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுப் பலகையைக் காட்டினார். பால் பூசும்போது வெள்ளையாக இருந்தது, பல நாள் காய்ந்து, கோப்பிச் சாறும் சேர்ந்து, பழுப்பாகத் திரிந்திருந்தது. தன் முழங்கையைப் பக்கத்தில் வைத்தார்.

"பாத்தியா தங்கச்சி, நம்ம நெறம்."

அன்றுதான் இவர் எதற்காக இத்தனை வருஷம் இதையெல்லாம் செய்து பார்க்கிறார் என்று புரிந்துவிட்டதாக நினைத்தேன். எல்லாப் படமும் முடிந்துவிட்டது, சாக்கில் ஒன்றுதான் மீதி. "அப்ப அம்மா மொகத்த போட்டுருங்கண்ணே" என்றேன்.

அண்ணன் தூரிகையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு மொகம் மறந்துபோச்சும்மா" என்றார்.

எப்போது என்று கேட்டேன். நினைவில்லை என்றார். முதலில் படம் போட உட்கார்ந்தபோதே சரியாக இல்லையாம். கை ஞாபகம் இருந்தது, சேலை ஞாபகம் இருந்தது, தலைத்துண்டைக் கட்டும் விதம் இருந்தது. முகத்துக்கு வந்தால் நழுவிப்போகுமாம். நான் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனம் வராமல், வரும் வரும் என்று முப்பது வருஷம் தள்ளிவிட்டார்.

நான் அழுதேன். பிறகு கோபம் வந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால், பெரியாயி உயிரோடு இருக்கும்போதே அவரை உட்காரவைத்து, இருவரும் கேட்டுக்கேட்டு வரைந்திருக்கலாமே! தோட்டத்து ஆட்களைத் தேடிப் போயிருக்கலாமே! நாலு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் பின்னறைக்குப் போனபோது, அம்மாவின் பலகையை ஜன்னலோரம் சாய்த்து, எனக்குப் பின்பக்கம் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வீம்பு. என் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்தேன். அப்படியே இரண்டு மாதம் போனது. இடையில் சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்.

"ஊசி கோக்கும்போது ஏன் ஒதட்ட உள்ள மடிக்கிற?"

"நூலு நேரா போகறதுக்கு. நீங்க உங்க வேலைய பாருங்கண்ணே."

இன்னொரு நாள், "அம்மா கோவப்பட்டா சத்தமே வராது. உனக்கு நேர்மாறு" என்றார். ஆக ஏதோ ஞாபகம் வருகிறதா? கேட்டேன். "தெரியல" என்றார்.

கடைசியில் ஒருநாள் காலை, பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "முடிச்சிட்டேன். இப்ப பாக்காத, பாலு வெள்ளையா இருக்கு, பேய் மாதிரி தெரியும். காயட்டும்."

"அம்மாதானே?"

"காஞ்ச பிறகு நீ பாத்துச் சொல்லு" என்றார்.

வேலியோரம் வழக்கமான கேள்வி வந்தது. முடிந்துவிட்டது என்ற அர்த்தத்தில் அண்ணன் அன்று "சுடா" என்றார். பெரியவர் கை தட்டினார்.

அந்த வாரமே மூச்சு முட்டி, அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். திரும்பி வரவில்லை. பலகையை நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது, என் கணவர்தான் அதைத் தூக்கிவந்து திருப்பினார்.

முகம் இருந்தது. பால் காய்ந்து நம் நிறத்துக்கு வந்திருந்தது. உதடு உள்ளே மடிந்து, எதையோ கவனமாகப் பார்க்கும் ஒரு பெண். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. எனக்கு ஒரு பக்கம்தான். என் மோவாயில் சின்ன வயதில் விழுந்த தழும்பு உண்டு. படத்தில் தழும்பு இல்லை. ஆனால் கண்ணும் நெற்றியும் என்னுடையவை. என் கணவர் என்னைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். அம்மா முப்பது வயதைத் தாண்டவில்லை. படத்தில் இருப்பவளுக்கு நாற்பதுக்கு மேல், என் வயது. அப்பா சாடை என்று பெரியாயி சொன்ன நான், அம்மா முகத்தில் எப்படி வந்து உட்கார்ந்தேன்?

காரியத்துக்குப் பாரிட் புந்தாரிலிருந்து எங்கள் தோட்டத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும், "ஐயோ, உங்கம்மாவேதான்டி!" என்று அழுதார். அவரோடு வந்த அவருடைய அண்ணன், "அதெல்லாம் இல்ல. அந்தம்மாவுக்கு மொகம் நீளம்" என்றார். தேத்தண்ணி ஆறும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். கடைசியில் அந்த அம்மாவும், "மூக்குத்தியப் பாத்து சொல்லிட்டேனோ என்னமோ" என்று இழுத்தார்.

இப்போது வீட்டில் ஒரு வழக்கு. படத்தைக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது, இந்த முறை கணவர் தடுக்கவில்லை. அம்மாவின் படம் என்றால் மாலை போடவேண்டும். நாற்பது வருஷமாக அம்மாவுக்கு ஒரு மாலை போட முகம் இல்லாமல் இருந்தவள் நான். ஆனால் கணவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "உசிரோட இருக்கறவளுக்கு மாலை போட்டா வீட்டுக்கு ஆகாதுலா. இது நீயா இருந்தா?" என்கிறார். அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தபிறகு வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. இது அம்மா என்று தெரிந்தால் எனக்குத் தாய் கிடைப்பார். நான்தான் என்று தெரிந்தால், நாலு நாள் பேசாமல் இருந்த தங்கையை அண்ணன் கடைசியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆகும். எதைக் கேட்டால் சந்தோஷப்படுவேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட தாதிகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கும், புலியை இன்றும் வாசலில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாருக்கும் நன்றி சொன்ன கையோடு ஓர் உதவியும் கேட்கிறேன். மலரின் கடைசிப் பக்கத்தில் அந்தப் படத்தை அச்சிட்டிருக்கிறோம். எங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள், அம்மாவை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், நன்றாகப் பார்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்று காலை பசாரில் இரண்டு மாலை வாங்கினேன். ஒன்றை அண்ணனுக்குப் போட்டாயிற்று. இன்னொன்று என் தையல் இயந்திரத்தின் மேல் இருக்கிறது.