திருப்புளி திருப்பிய வண்டி

என் தங்கைக்கு வீட்டில் திருப்புளி என்று பெயர். பேச்சு குத்தும் என்பதால் வந்த பெயர் அல்ல; அந்தத் துறையில் நான்தான் மூத்தவள். பள்ளிக்கூடம் போகும் முன்பே ஒரு திருப்புளியை எடுத்து ரேடியோவின் முதுகைக் கழற்றிப் போட்டாள், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கையில் கிரீஸும் வாயில் பாட்டுமாக உட்கார்ந்திருப்பாள். கீழே லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு அலறினால், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல!" என்று மேலிருந்து கத்துவாள். அவர்களும் அடங்கிவிடுவார்கள். அவளுக்கு வராத ஒரே சொல் 'முடியாது'.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மயிரிழை தப்பினால் கண்ணாடி போட்டவருக்குத் தலை சுற்றும். அதனால் நான் அளந்த பிறகும் நம்பாத ரகம். அவள் அளக்கும் முன்பே நம்பிவிடுகிற ரகம். எங்கள் இருவருக்கும் நடுவில் அம்மா. ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லி ஓய்வு பெற்றவள். வேலையை விட்டாலும் பழக்கம் விடவில்லை. முக்கியமான எதையும் இரண்டு தடவை சொல்வாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. வாய் மட்டும் தப்பித்தது, அது எங்கள் கெட்ட நேரம் என்று கிண்டல் செய்வேன், அவளும் சிரிப்பாள். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி வந்தது. திருப்புளி எங்கள் காரின் பின் இருக்கையைப் பிடுங்கிவிட்டு, பின்கதவில் மடக்குப் பலகை பொருத்தி, நாற்காலியோடு அம்மாவை ஏற்றிக்கொள்கிற மாதிரி செய்தாள். வாரம் ஒரு மத்தியானம் அம்மா தோழிகளோடு சீட்டாடப் போவாள். அங்கே அவள் நோயாளி இல்லை, எல்லோரும் பயப்படுகிற ஆட்டக்காரி. வீடு திரும்பும்போது, யாரை எப்படிக் கவிழ்த்தாள் என்பதை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவாள்.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஏறி வரும் சந்தில், மதில் சுவரை ஒட்டி ஒரு வளைவு. அங்கேதான் ஏற்றம் அதிகம். ஒரு மழை நாளில் சீட்டாட்டம் முடிந்து வரும்போது, அந்த வளைவில் முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. வண்டி பின்னால் வழுக்கியது. கீழே பேக்கரியிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள். "என்னம்மா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். திருப்புளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பின்னாடி வெயிட் ஜாஸ்திங்க, அதான் ஏற மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்னது நாற்காலியை. பேட்டரியோடு சேர்த்தால் அது அம்மாவைவிடக் கனம். ஆனால் பின்னாடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அம்மா.

அடுத்த வாரம் சீட்டாட்ட நாளில் அம்மாவைக் கிளப்பப் போனேன். தலை வாரியிருக்கவில்லை.

"நான் வரலை. நான் வரலை."

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"பின்னாடி வெயிட் ஜாஸ்தி."

திருப்புளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நான் நாற்காலியைத்தான் சொன்னேன். சத்தியமா!"

"நாற்காலி தனியாவா வந்துச்சு? உண்மையைத்தானே சொன்னே. எனக்கு ஒண்ணும் கோவமில்லை."

கோபம் இருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். கோபமே இல்லை என்று சொல்பவளை என்ன செய்வது? தோழிகள் தாங்களே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றாள். வாரங்கள் போயின. டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும் திருப்பிக் கொடுக்க மாட்டாள்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது திருப்புளி சொன்னாள்: "அக்கா, வண்டியை மாத்தப் போறேன்."

"வேற வண்டி வாங்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

"வாங்கப் போறதில்லை, இதையேதான். இப்போ முன் சக்கரம் இழுக்குது. மேட்டுல பாரமெல்லாம் பின்னாடி சாஞ்சிடுது, முன்பக்கம் லேசாயிடுது, சக்கரத்துக்குப் பிடி கிடைக்கலை. இனிமே பின் சக்கரம் தள்ளட்டும்."

"அது என்ன சட்டையாடி, முன்னாடி பின்னாடி மாத்திப் போட?"

"முடியும்க்கா."

ரிவர்ஸில் ஏறினால் போதாதா என்று புத்திசாலிகள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வெறும் வண்டியில் ஒரு தடவை முயன்று பார்த்து, வளைவில் வண்டியின் பின்விளக்கை மதில் சுவருக்குப் பலி கொடுத்துவிட்டு வந்தோம்.

பழைய இரும்புக் கடையில் கவிழ்ந்து கூடு நசுங்கிய டெலிவரி வேன் ஒன்று கிடந்தது. பின் சக்கரம் தள்ளும் வண்டி. அதன் இன்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு, பெட்டியையும் அச்சையும் இணைக்கும் நீளமான ஷாஃப்ட் எல்லாம் வேண்டும் என்றாள். கடைக்காரர், "யாரு மாட்டப் போறது?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் என்னைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க, நான் துணைக்கு வந்தவ" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் கார் கொட்டகை கொட்டகையாக இல்லை. கூரை உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கியது. பழைய இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருந்தது. புதியது நீளவாக்கில் உட்கார வேண்டும். அதற்கு இடம் காணாமல் ஓட்டுநரின் கால் பக்கத்துத் தகரத்தை வெட்டினாள். ஷாஃப்ட் ஓடுவதற்காகத் தரையின் நடுவே நீளமாகப் பிளந்து, மேலே வளைந்த தகடு வைத்து வெல்டு செய்தாள். என் தலையணை உறையில்கூட வெல்டிங் வாசனை. ஒரு விஷயத்தில் அவளை மெச்சத்தான் வேண்டும். முன் சக்கரங்களுக்கு இனி இழுக்கும் வேலை இல்லையே, அவற்றைச் சுழற்றிய பழைய ஷாஃப்டுகளைப் பிடுங்கி எறியேன் என்றேன். "எறிஞ்சா சக்கரமும் கழண்டு வரும். அதோட நுனிதான் பேரிங்கை இறுக்கிப் பிடிச்சிருக்கு" என்றாள். நுனியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அறுத்தாள். அவளுடைய தெனாவெட்டு எல்லாம் வெறும் வாய்ச்சவடால் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு இடத்தில் கோட்டை விட்டாள்.

பலகையில் நாற்காலி சிரமமில்லாமல் ஏற வேண்டுமானால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். வேனின் அச்சில் ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் மேடை மேல்பக்கம் இருந்தது. அப்படியே மாட்டியதில் வண்டி பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேடையை வெட்டிக் கீழ்ப்பக்கம் வெல்டு வைக்க வேண்டும். திருப்புளி தாடையைச் சொறிந்தாள்.

"எதுக்கு வெட்டணும்? அச்சையே குப்புறப் போட்டா மேடை தானா கீழ வந்துடுமே!"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. செயினில் தூக்கிப் புரட்டி மாட்டினாள். அச்சு மூச்சுவிடும் துளை கீழே வந்து எண்ணெய் ஒழுகியது. அதை அடைத்துவிட்டு மேலே புதுத் துளை போட்டாள். அந்த அச்சு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. அம்மா அக்கறையே இல்லாதவள் போல, ஆனால் சரியாகக் கொட்டகை தெரிகிற ஜன்னலில் இருந்தாள். திருப்புளி முகம் கழுவி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இன்ஜின் ஒரே முறுக்கில் கிளம்பியது. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் பாய்ந்தது. கொட்டகையின் பின்சுவரில் இருந்த பெயிண்ட் அலமாரி சரிந்து, நீலப் பெயிண்ட் வண்டியின் கூரையிலிருந்து கண்ணாடி வரை வழிந்தது. தவறிப்போய் ரிவர்ஸ் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து மறுபடி முதல் கியரையே போட்டாள். வண்டி மிச்சமிருந்த அலமாரியையும் முடித்துவைத்தது. அப்போது ஜன்னலிலிருந்து, எத்தனையோ நாளாக நாங்கள் கேட்காத அந்த ஒலிபெருக்கிக் குரல் வந்தது.

"வண்டி பின்னோக்கிச் செல்கிறது. வண்டி பின்னோக்கிச் செல்கிறது."

நான் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திருப்புளி மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, அசடு வழிய வெளியே வந்தாள். "குப்புறப் போட்டதுல உள்ள இருக்கிற பல்சக்கரம் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயிடுச்சுக்கா. சக்கரம் எதிர்த்திசையில சுத்துது. இப்போ முன்னாடி போக ஒரு கியர், பின்னாடி போக அஞ்சு."

கார் மெக்கானிக் எவனும் இப்படிச் செய்திருக்க மாட்டான். லிஃப்டில் திசை என்பது வயர் சமாச்சாரம். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றினால், மேலே போனது கீழே வரும். திசையை அப்படியே நினைத்துப் பழகியவளுக்கு, இரும்புக்கும் ஒரு திசை உண்டு என்பது தோன்றவேயில்லை.

"இதுலயா நான் வரணும்?" என்று கேட்டுவிட்டு அம்மா திரைச்சீலையை இழுத்துக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கண்ணாடிக் கடையிலிருந்து என் அளவுகோலைக் கொண்டுவந்தேன். அச்சை இறக்கி நேராக்கி, மேடையை வெட்டினோம். இம்முறை நான் அளந்து சொன்ன இடத்தில்தான் அவள் வெல்டு வைத்தாள். முதலிலேயே என்னைக் கேட்டிருக்கலாம் என்று தினமும் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். வாகனச் சோதனை அதிகாரி அடியில் படுத்து, ஒவ்வொரு வெல்டையும் சுத்தியால் தட்டிப் பார்த்து, பிரேக்கை இரண்டு தடவை சோதித்து, தலையை ஆட்டியபடியே அனுமதி கொடுத்தார்.

காய்ந்த சாலையில் வண்டி சும்மா பறந்தது. ஆனால் பரீட்சை மழையில்தானே? ஒரு காலையில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவை வைத்துக்கொண்டு விஷப்பரீட்சை வேண்டாம் என்று திருப்புளி தனியாகக் கீழே போய்த் திரும்பி ஏறினாள். நான் குடையோடு வளைவில் நின்றேன்.

வளைவில் பின் சக்கரங்கள் சுற்றின. வண்டியின் வால் மதில் பக்கம் ஒதுங்கியது. இறங்கி, மறுபடி வந்தாள். அதே இடம், அதே கதை. இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு, வண்டியைப் பேக்கரிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, சொட்டச் சொட்ட நடந்து வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னால முடியலைக்கா."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். இத்தனை நாள் அவளை மட்டம் தட்டியது போதும் என்று பட்டது. துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். அதற்குள் நாற்காலி உருளும் சத்தம். அம்மா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"ஏன் ஏறலை? ஏன் ஏறலை?"

திருப்புளி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பின்னாடி லேசா இருக்கும்மா. இப்போ தள்ளுறது பின் சக்கரம். அதுக்கு மேல பாரம் உட்கார்ந்து அழுத்தினாத்தான் பிடி கிடைக்கும். வெறும் வண்டியில..."

பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். நான் ஒரு மக்கு.

"நாலு மணல் மூட்டை போட்டா சரியாயிடும்" என்றேன்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் அம்மா. பிறகு திருப்புளியிடம், "இன்னைக்குச் சீட்டாட்ட நாள்தானே? என் சீப்பை எடு" என்றாள்.

மத்தியானம் மழை விட்டு, தார் சற்றுக் காய்ந்ததும் திருப்புளி வண்டியை மேலே கொண்டுவந்தாள். அம்மா தாழ்ந்த பலகையில் தானே நாற்காலியை ஓட்டி ஏறினாள். தோழிகள் வீட்டு வராந்தாவில் நானும் திருப்புளியும் நகம் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தோம். உள்ளே அம்மா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும் நேரத்துக்கு மழை கொட்டத் தொடங்கியது.

எங்கள் வண்டியைக் கண்டதும் பேக்கரி ஆட்கள் தள்ளுவதற்குத் தயாராக வெளியே வந்து நின்றார்கள். திருப்புளி அவர்களைப் பார்க்கவில்லை. வளைவு வந்தது. பின் சக்கரம் ஒரே ஒரு முறை வழுக்கி, தரையைக் கவ்வியது. பிறகு வண்டி நிற்கவில்லை. மதிலைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, எங்கள் வாசலில்தான் நின்றது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். திருப்புளி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நீதாம்மா ஏத்தினே" என்றாள். அம்மா வலது கையால் அவள் பின்னங்கழுத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

போன வாரமும் நல்ல மழை. திருப்புளிக்குக் கீழே கடைத்தெரு வரை போக வேண்டியிருந்தது. அம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் கூட வரியா? நீ இல்லாம வண்டி ஏறாது."

அம்மா சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம். எனக்கும் ஆயிரம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். திருப்புளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அடுக்கி முடிக்கிற வரை நின்றாள்.